ஃபிலோமினாவும் விரிசல் விட்ட தண்ணித் தொட்டியும்

ஃபிலோமினாவுக்குச் சோறு போட்டதே அவ வாய்தான். மைக்கைப் பிடிச்சா மூச்சு விடாம ராப் பாடுவா. மூணு ஆல்பமும் ஹிட். பின்னால நின்னு பீட் போடுறது நான், யாஸ்மின். அடுத்த மாசம் மலேசியாவுல கச்சேரி. பயிற்சிக்கு எங்களுக்கு இருந்த ஒரே இடம், பெரம்பூர்ல அவ குடியிருக்கிற ஃப்ளாட்டோட மொட்டை மாடி.

அதுக்கும் ஆபத்து வந்துச்சு. மாடித் தண்ணித் தொட்டி விரிசல் விட்டதுக்கு இவ பாட்டுதான் காரணம்னு மூணாவது மாடி கோமளா மேடம் புகார் எழுதிக் கொடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில, கார் நிறுத்துற இடத்துல நாற்காலி போட்டு மீட்டிங். வாயைத் தொறக்க மாட்டேன்னு அவகிட்ட சத்தியமே வாங்கிட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன்.

செயலாளர் தணிகாசலம் சார் தங்கமான மனுஷர். "வெயில்ல வெடிச்சிருக்கும். ஒரு பொண்ணு குரலுக்கா தொட்டி உடையும்? விடுங்க"ன்னார். அதோட எழுந்து வந்திருக்கலாம். இவளுக்குச் சுருக்குன்னு தைச்சிடுச்சு.

"பொண்ணு குரல்னா லேசா சார்? காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி திறப்பு விழாவுல ரெண்டே வரி பாடினேன். ஐஸ் எல்லாம் வெந்நீரா ஓடிச்சு. அதுலயே மீன் குழம்பு வெச்சு இறக்கிட்டாங்க."

ரெண்டு பேர் சிரிச்சாங்க. அது போதாதா இவளுக்கு? கோயம்புத்தூர் மேடையில கரண்ட் போச்சாம். இவ விட்ட மூச்சுல ஓரமா இருந்த ஃபேன் சுத்தி, அதுலேருந்து வந்த கரண்ட்ல பாதி ஊருக்கு மிக்ஸி ஓடிச்சாம். மீதி ஊருக்குன்னு கோமளா மேடம் கேட்டாங்க. "அது ரெண்டாவது பாட்டுல"ன்னு இவ பதில் சொன்னா.

அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. கார் சிக்னல்ல நிக்குது, இவ உள்ளே பாடிப் பார்க்கிறா. கேமரா இவ வாயைப் படம் புடிச்சு, நூத்திநாப்பது கிலோமீட்டர் வேகம்னு நோட்டீஸ் அனுப்பிச்சாம். ரிட்டயர்டு டிராஃபிக் ஏட்டு ஒருத்தர், அந்த சிக்னல்ல கேமராவே கிடையாதேம்மான்னார்.

"இருந்துச்சு சார். நான் பாடினதுக்கப்புறம் இல்ல."

நான் காலை மிதிச்சுப் பார்த்தேன், கையைக் கிள்ளிப் பார்த்தேன். அவ சிங்கப்பூருக்கே போயிட்டா. அங்க இவ பாடின வேகத்துக்கு என் பீட்டால ஈடு கொடுக்க முடியலையாம். பாட்டு முடிஞ்சு, இவ ஊர் திரும்பி, மீனம்பாக்கத்துல பெட்டி எடுக்கும்போதுதான் பீட் வந்து சேர்ந்துச்சாம். நீயே சொல்லு யாஸ்மின்னு என் பக்கம் திரும்பினா. மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்துச்சு.

எனக்கு அப்போ பாஸ்போர்ட்டே இல்லைன்னு சொல்லிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டேன்.

கோமளா மேடம் நிதானமா கேட்டாங்க. "அப்போ தொட்டியை உடைச்சது நீதானே?"

இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா மாடி எங்களுக்கு. ஃபிலோமினா எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தா. அவளால முடியலை.

"நான்தான்"னா.

இனிமேல் மொட்டை மாடியில யாரும் பாடக் கூடாதுன்னு தணிகாசலம் சார் மனசே இல்லாம நோட்டுல எழுதினார். மலேசியாவுக்கு எங்கே போய்ப் பயிற்சி பண்றதுன்னு நான் கணக்குப் போட ஆரம்பிச்சேன். இவ எட்டி அந்த நோட்டைப் பார்த்தா.

"இன்னொண்ணும் சேர்த்து எழுதுங்க சார். அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு."