நாற்பத்து மூன்றாவது உயிர்

“டீச்சர், என் கண்காட்சியில என்ன குறைன்னு நீங்கதான் வந்து சொல்லணும்.”

சேவுகன் வாத்தியார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே டீச்சர் வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

மனுஷனுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அவர் தேடி வந்திருக்கும் பொன்னரசி டீச்சருக்கு முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும், அவ்வளவுதான். இருந்தும் என்ன செய்ய? அந்த ஒன்றியத்தில் பாடம் நடத்துவதில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் அந்தம்மாவிடம்தான் போய் நிற்பார்கள்.

ஒரே ஒரு சங்கடம். அந்தம்மா லேசில் வாயைத் திறந்து பதில் சொல்லமாட்டார்.

“குறைன்னு யார் சொன்னது?”

“போன வருஷம் வந்த அதிகாரி சொன்னாரு. ‘நம்ம ஊரு உயிர்கள்’னு தலைப்பு வச்சிட்டு வெறும் படமா ஒட்டியிருக்கீங்களே சார்னு சிரிச்சிட்டுப் போனாரு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. அதான் இந்த வருஷம் உயிரோடவே வச்சிட்டேன்.”

“எங்கேருந்து?”

“எங்க ஊருணியிலேருந்துதான். போன மாசமே, ஒரு உயிர் கொண்டாந்தா ஒரு ஸ்டார்னு சொன்னேன். பிள்ளைங்க அடிச்சுப் பிடிச்சுக் கொண்டாந்து குவிச்சிட்டாங்க. மொத்தம் நாற்பத்திரண்டு!”

சொல்லும்போதே வாத்தியாரின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியும் போனது.

“நாளைக் கழிச்சு கண்காட்சி. நேரம் பார்த்து பாதி வகுப்பு காய்ச்சல்ல படுத்துக்கிச்சு டீச்சர். நாலாம் வகுப்பு குயிலிதான் நிறைய ஸ்டார் வாங்கினவ. அவ பெரியாஸ்பத்திரியில கெடக்கா. டெங்குவாம். ரத்தத் தட்டணு இருபதாயிரத்துக்கு இறங்கிடுச்சாம். ரெண்டு நாள் போகணும், அப்பதான் எதுவும் சொல்ல முடியும்னுட்டாங்களாம். அவ அப்பன் போன்ல அழறான்.”

பொன்னரசி செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, போவோம்.”

இருவரும் வாத்தியாரின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்றாம், நான்காம் வகுப்புகள் சேர்ந்து உட்காரும் வகுப்பறையின் பின்சுவரை ஒட்டி மூன்றடுக்கு ரேக். மேலே பழைய வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. வாத்தியார் அதைத் திரைச்சீலை மாதிரி விலக்கினார்.

மூடி போடாத நாற்பத்திரண்டு கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருந்தது. எழுத்தெல்லாம் முத்து முத்தாக, அவர் கையெழுத்து.

பொன்னரசி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஏழாவது பாட்டிலில் நின்றார். ‘கெண்டைக் குஞ்சு. கொண்டுவந்தவர்: குயிலி.’

“கெண்டையைக் காணோமே?”

“அது ரெண்டே நாள்ல செத்துப்போச்சு டீச்சர். கூடப் போட்ட வேலம்பாசி மட்டும் பச்சைப்பசேல்னு நிக்குது. பார்க்க லட்சணமா இருக்கேன்னு அப்படியே விட்டுட்டேன்.”

“தட்டான் குஞ்சு?”

“அதுவும் போயிடுச்சு.”

“மிச்சம் உயிரோட எத்தனை?”

வாத்தியார் விரல் நீட்டி எண்ணினார். குரல் கொஞ்சம் இறங்கியது. “பதினொன்னு தேறும். ஆனா வந்தது நாற்பத்திரண்டாச்சே!”

“நாற்பத்து மூணு.”

“அடடே! எனக்குத் தெரியாம எவனோ ஒன்னு கொண்டாந்து வச்சிட்டானா? எது டீச்சர்?”

பொன்னரசி குயிலியின் பாட்டிலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. பாசிக்கு மேலே, தண்ணீரின் விளிம்பில், மெல்லிசாக என்னவோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, நிறைய. விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

அத்தனையும் ஒரே நேரத்தில் வளைந்து நெளிந்து கீழே இறங்கின.

ஒரு கணம் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. அம்மாடி! கொசுப்புழு!

பக்கத்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அதிலும் நெளிந்தது. அதற்கடுத்ததிலும் நெளிந்தது. மீன் செத்த பாட்டில், தட்டான் குஞ்சு செத்த பாட்டில், ஒன்று பாக்கியில்லை.

“எல்லாத்துக்கும் பேர் எழுதியிருக்கீங்க. இதுக்கு மட்டும் எழுதலையே சார்?”

“டீச்சர்… சுகாதாரத்துல இருந்து வந்தாங்களே! வீடு வீடா தொட்டி, குடம், டயரு எல்லாத்தையும் கவுத்துப் பார்த்தாங்களே! ஊர்ல ஒன்னுமே இல்லேன்னு சொல்லிட்டுப் போனாங்களே!”

“இங்கே பார்த்தாங்களா?”

வாத்தியார் ரேக்கில் கிடந்த வேட்டியைப் பார்த்தார். அவர்கள் வந்தார்கள். இவர்தான் பிள்ளைகளின் உழைப்பு கைபட்டு உடைந்துவிடும் என்று வேட்டியைப் போர்த்தி மூடி, வாசலோடு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பக்கத்தில் கிடந்த பிள்ளைகளின் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தவர் நெருப்பை மிதித்தவர் மாதிரி எழுந்துவிட்டார்.

“இது குயிலி இடம் டீச்சர். முன்வரிசையில இருந்தவ. பாட்டிலைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கணும் சார், இடம் மாத்திக் கொடுங்கன்னு கேட்டா. நான்தான் இங்க கொண்டாந்து உட்கார வச்சேன். ஐயோ, பாவி நான்!”

தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பொன்னரசி தேற்றவில்லை. உயிரோடிருந்த பதினொன்றையும் ஒரு வாளியில் எடுத்து வைத்தார், ஊருணியில் விடுவதற்கு. மற்ற பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்ச் சுடும் மண்ணில் கவிழ்த்தார். கொஞ்ச நேரம் கழித்து வாத்தியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடச் சேர்ந்தார். இரண்டு பாட்டில் கை தவறி உடைந்தது.

“நாளைக்குப் பிள்ளைங்க பாட்டில் எங்கேன்னு கேட்கும்,” என்றார். “எலி தட்டி விட்டுடுச்சுன்னு சொல்லிடவா?”

பொன்னரசி ஒரே ஒரு பாட்டிலைக் கவிழ்க்காமல் வைத்திருந்தார். அதற்கொரு மூடியை இறுக்கித் திருகி அவர் கையில் கொடுத்தார்.

அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு ஊருணிப் பக்கம் நடந்துவிட்டார்.

மறுநாள் முப்பத்தொரு பிள்ளைகளில் பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். காலியாகக் கிடந்த ரேக்கைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார்கள்.

வாத்தியார் அந்த ஒற்றைப் பாட்டிலை மேசையில் வைத்தார். உள்ளே இருப்பது என்ன, அது வளர்ந்து என்னவாகும், யாரைக் கடிக்கும் என்று சொன்னார். ஊருணியில் இருந்தால் கெண்டைக் குஞ்சு தின்றிருக்கும், பாட்டிலில் தின்ன ஆளில்லை என்றும் சொன்னார். எதிலிருந்து எது என்று வழக்கமாக அம்புக்குறி போடுவது போலவே கரும்பலகையில் எழுதினார்.

பாட்டில் → கொசுப்புழு → கொசு → குயிலி

கடைசிப் பேரை எழுதும்போது சாக்பீஸ் முறிந்தது.

ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அழுதார்கள்.

மூன்றாம் வகுப்பு ரஹமத் நிஷா எழுந்து நின்றாள்.

“சார், ஆரம்பம் சரியில்ல.”

“என்னம்மா சரியில்ல?”

“கெண்டை தானா பாட்டிலுக்குள்ள வராது.”

சொல்லிக்கொண்டே முன்னால் வந்தாள். முறிந்த சாக்பீஸில் ஒரு துண்டைப் பொறுக்கினாள். எக்கி நின்று, பாட்டிலுக்கு இடப்பக்கம் ‘நாங்க’ என்று எழுதி அம்புக்குறி போட்டாள்.

எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதற்கும் இடப்பக்கம் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது. வாத்தியாரை நிமிர்ந்து பார்த்து, சாக்பீஸை நீட்டினாள்.

“இதுக்கு முன்னாடி வர்றதை நீங்கதான் எழுதணும் சார்.”

சேவுகன் வாத்தியார் வாங்கினார். ‘நான்’ என்று எழுதி, அம்புக்குறியும் போட்டார்.