மூன்றாம் வார்டுக்கு வந்த அட்டைப்பெட்டி

ஆவுடையப்பன் தலையில் சுமந்து வந்து வாசலில் இறக்கியது மோட்டார் இல்லை. மோட்டார் வந்த அட்டைப்பெட்டி.

பிச்சம்மாள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தெர்மாகோல். அதைத் தூக்கினாள். அதற்கடியில் இன்னொரு தெர்மாகோல்.

“மோட்டாரு எங்க?”

“அஞ்சு வார்டுக்கும் சமமாப் பிரிச்சாச்சு. நமக்கு விழுந்தது இது. வெளியில படம் போட்டிருக்கு பாரு, முழு மோட்டாரும் தெரியுது. மத்த வார்டுக்காரனுக்கு அது கிடையாது.”

அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வந்து பதினொரு நாள் ஆகிறது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் புகைந்துபோனதிலிருந்து பிச்சம்மாள் இரண்டு கிலோமீட்டர் நடந்து உப்புத் தண்ணீர் சுமக்கிறாள். மூன்றாம் வார்டு கவுன்சிலர் அவள் புருஷன் ஆவுடையப்பன்தான். தெருவில் மற்ற பெண்கள் அவளைப் பார்க்கிற பார்வையில் ஒரு குடம் தானாகவே காலியாகிவிடும்.

குழாயில் தண்ணீர் வந்தால் வீட்டுக்குள் வரலாம், அதுவரைக்கும் சோறும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அட்டைப்பெட்டி வெளியே. அவரும் வெளியே.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை, அது வேறு விஷயம்.

கூம்பன்குளம் ஒன்றியக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரையும் ஜனங்களே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஒருத்தரும் ஒரு பைசா அடித்ததில்லை. அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

பதவியேற்ற வாரம் வட்டார வளர்ச்சி அதிகாரி, அதாவது பி.டி.ஓ., ஐந்து பேருக்கும் ஒருநாள் பயிற்சி கொடுத்தார். பாவம், நல்ல மனிதர். உங்கள் வேலை தீர்மானம் போடுவது, தீர்மானத்தில் இல்லாத எதையும் செய்யக் கூடாது என்றார். குறிக்கோள் என்று எதை வைத்தாலும் அது அளந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். பட்ஜெட் எல்லா வார்டுக்கும் சமமாகப் போக வேண்டும் என்றார். சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டார். போகாமல் இருந்திருக்கலாம்.

மறுநாளே குறிக்கோளை அளக்க ஆரம்பித்தார்கள். முந்தின குழு ‘ஒன்றியத்தை முன்னேற்றுவது’ என்று எழுதி வைத்திருந்தது. நாலாம் வார்டு சொரிமுத்து டேப்பை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றிய அலுவலகம் வரை அளந்தார். நூற்று நாற்பது அடி. பழைய வரைபடத்தைப் பார்த்தால் அதிலும் நூற்று நாற்பது அடி. ஐந்து வருஷத்தில் ஓர் அடிகூட முன்னேறவில்லை என்று முந்தின குழுவைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கு அந்த வேலைக்கே நேரம் சரியாக இருந்தது.

அப்புறம்தான் மூன்றாம் வார்டு மோட்டார் புகைந்தது. சம்பளம், மின்கட்டணம், டீச்செலவு எல்லாம் போக, பட்ஜெட்டில் ஒரே ஒரு மோட்டாருக்குத்தான் இடம். அதை வாங்கினார்கள். இதுவரைக்கும் எல்லாம் சரி. பெட்டி கூட்ட மேஜைக்கு வந்தது. சொரிமுத்து எழுந்தார்.

“எங்க வார்டுக்கு என்ன?”

“உங்க வார்டுல மோட்டார் நல்லா ஓடுதே அண்ணாச்சி,” என்றார் ஆவுடையப்பன்.

“அது எப்படி வே? நல்லா ஓடினா எங்களுக்குப் பங்கு கிடையாதா? பழுதாக்கினவனுக்கு முழு மோட்டார், பத்திரமா வச்சிருக்கவனுக்கு வெறுங்கையா?”

ஆவுடையப்பனுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. தலைவி தங்கபுஷ்பம் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். பிறகு, பி.டி.ஓ. சமமாக என்றுதான் சொன்னார், தேவைப்பட்டவனுக்கு என்று சொல்லவில்லை என்றார். அதோடு விவாதம் முடிந்தது.

எடை போட்டுப் பிரிக்கலாம் என்றார் ஒருவர். அறுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள். பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவது குற்றம் அல்லவா. எண்ணிப் பார்த்தால் மோட்டார், பம்பு, கேபிள், ஸ்டார்ட்டர், அட்டைப்பெட்டி என்று சரியாக ஐந்து இருந்தன. தெய்வமே பிரித்துக் கொடுத்த மாதிரி. சீட்டுக் குலுக்கினார்கள். ஆவுடையப்பனுக்குப் பெட்டி. இருப்பதிலேயே பெரியது அதுதான். வாரண்டி கார்டும் அதற்குள்தான். சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார். மீதியைத்தான் பார்த்தாயிற்றே.

வெளியே நின்ற ஆவுடையப்பனுக்கு மூன்று வேளை பசித்தது. நாலாவது வேளையில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: ஒருவேளை பெட்டியை வைத்துத் தண்ணீர் எடுக்க முடியாதோ?

அதற்குள் பிச்சம்மாள் தெருப்பெண்கள் நாற்பது பேரைத் திரட்டி, காலிக் குடங்களோடு ஒன்றிய அலுவலகத்தை மறித்து உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடியாமல் யாரும் வெளியே போக முடியாது. வெளியேதான் டீக்கடை. அதனால் அவசரக் கூட்டம் நிஜமாகவே அவசரமாக நடந்தது.

பாகங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆவுடையப்பன் கேட்டார். கேட்கும்போதே அழுகை வந்தது. பசிதான். சொரிமுத்துவுக்கு மனம் இளகியது. ஆனால் நாலாம் வார்டுக்கு வந்த பம்பைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டால் அது தன் வார்டு பம்பு என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்று கவலைப்பட்டார். ஒவ்வொரு பாகத்திலும் அந்தந்த வார்டு நம்பரைப் பெயிண்டில் எழுதிவிடலாம் என்றார் தலைவி. இருநூறு அடி ஆழத்தில் அதை யார் படிப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் அங்கே ஏன் உட்கார்ந்திருக்கப்போகிறார்?

தீர்மானம் எழுதினார்கள்: மூன்றாம் வார்டு மோட்டாரை ஓட வைப்பது. ஐந்து கையெழுத்து.

மெக்கானிக் எட்வின் வந்தான். கைக்கெல்லாம் பெயிண்ட் ஒட்ட, திட்டிக்கொண்டே இறக்கினான். ஸ்டார்ட்டரை மேல்நிலைத் தொட்டியின் காலில் மாட்டினான். பச்சைப் பொத்தானைத் தலைவி அமுக்கினார். மோட்டார் ஓடியது. சமம் என்றால் சமம் என்று மற்ற நாலு பேரும் ஒருவர்பின் ஒருவராக அதே பச்சைப் பொத்தானை அமுக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் கைதட்ட வேண்டியிருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் தொட்டி நிறைந்துவிடும், நிறைந்ததும் சிவப்பை அமுக்குங்கள் என்று ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டு எட்வின் போனான். மற்ற நாலு பேரும் டீக்கடைக்குப் போய், அப்படியே பஸ் பிடித்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

குழாயில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். தெருவே குடம் குடமாக நிரப்பியது. பிச்சம்மாள் கதவைத் திறந்து வைத்தாள், உலை வைத்தாள், கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். அவள் முகத்தில் இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு தெரிந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆனது. தொட்டி நிறைந்தது. வழிந்தது. ஆவுடையப்பன் பொத்தானுக்கு எதிரே நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெருவில் இறங்கி, சாக்கடையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, தாழ்வாக இருந்த முதல் வீட்டுக்குள் போனது. அது அவர் வீடு.

பிச்சம்மாள் சோற்றுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தாள்.

“அணைங்களேன், என்ன பாத்துக்கிட்டு நிக்கீய?”

“தீர்மானத்துல ஓட வைக்கத்தான் போட்டிருக்கு பிச்சம்மா. நிறுத்துறதுக்கு ஒண்ணும் போடலையே.”

“கைய நீட்டி அந்தச் சிவப்ப அமுக்குங்க. அம்புட்டுதான்.”

“அதுக்குத் தனித் தீர்மானம் வேணும். அவசரக் கூட்டம் போட ஆளில்ல, எல்லாரும் பஸ் ஏறியாச்சு. சாதாரணக் கூட்டம்னா ஏழு நாள் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும்.” கொஞ்சம் யோசித்தார். “நீ பேனா இருந்தா எடுத்துட்டு வா. இன்னைக்கே எழுதிட்டா அடுத்த செவ்வாய்க்கிழமை நிறுத்திரலாம்.”

பிச்சம்மாள் பானையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தானே அமுக்கப் போனாள். அவர் பானையோடு குறுக்கே வந்து நின்றார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்தான், அவள் இல்லை. தண்ணீர் தொடைக்கு ஏறியது. சோறு சூடாகத்தான் இருந்தது. நின்ற இடத்திலேயே ஓர் உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சிவப்புப் பொத்தான் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. திரும்பினாலே பட்டுவிடும். அதனால் திரும்பாமல் நின்றார்.