திதிச் சோறு

தவறு இன்ஸ்பெக்டர் தணிகாசலத்துடையது. கோவில் வாசலில் பிச்சையெடுத்தவர்களை வேனில் ஏற்றிக் காப்பகத்துக்கு அனுப்பினார். தண்ணீர் பிடிக்கப் போயிருந்த ஒரு கிழவனை விட்டுவிட்டு, அவன் மனைவி பூங்காவனத்தை மட்டும் ஏற்றிவிட்டார்கள். கிழவன் வந்து கேட்டதற்கு, "இனி இங்கே கை நீட்டினா கேஸ்தான், ஓடு" என்றார்.

எங்கே ஓடுவான்? வெறிச்சோடிய வாசலில் அவள் தட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்தான்.

அமாவாசை வந்தது. இன்ஸ்பெக்டர் தன் அம்மா திதிக்கு அண்டா நிறையச் சோற்றோடு வந்தார். ஏழைகளுக்குப் போட்ட பிறகுதான் அவர் வீட்டில் சாப்பிடுவார்கள். கிழவனைத் தவிர வாங்க ஆளில்லை.

"பெரியவரே, பிடிங்க." மரியாதை வந்துவிட்டது.

கிழவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "கை நீட்டினா கேஸ்னீங்களே சார்."

எதிர்க்கடைப் பூக்காரி சிரித்துவிட்டாள். இன்ஸ்பெக்டருக்கு வேர்த்தது. "அம்மா திதி பெரியவரே. என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"பசிச்சவங்க எல்லாரையும் காப்பகத்துலதானே வச்சிருக்கீங்க? அண்டாவை அங்கே கொண்டுபோங்க, என்னையும் ஏத்துங்க. பூங்காவனம் பக்கத்துல இலை போட்டா, நான் எதுக்குக் கை நீட்டறேன்?"

ஜீப் கிளம்பியது. கிழவனுக்கும் பூங்காவனத்துக்கும் காப்பகத்திலேயே சேர்ந்திருக்க இடம் கிடைத்தது. இன்ஸ்பெக்டர்தான் சேர்த்துவைத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். சும்மா. சேர்த்துவைத்தது அந்தக் கிழவன். பெயர் மாசிலாமணி.