செம்பியின் காலில் தைத்த முள்

பறவையும் விலங்கும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், கொல்லிமலைச் சரிவில் செம்பி என்றொரு காட்டுப் பெட்டைக்கோழி இருந்தாள். அவள் சேவல் பெயர் காரி. பறக்கத் தெரிந்தாலும் தரையில்தான் குடும்பம் நடத்துவார்கள். அப்போது அவர்கள் இனத்துக்குக் காலில் முள் கிடையாது.

செம்பி இரண்டு முறை ஈடாக இட்ட முட்டைகளை ஒரு கிழ உடும்பு தின்றுவிட்டது. தடுக்கப்போன காரிக்குக் கால் முறிந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது ஈட்டில் மூன்று முட்டை. மூங்கில் புதரடியில் செம்பி அடைகாத்தாள். ஒரு நண்பகலில் உடும்பு மறுபடி வந்தது.

"எழுந்து போ. உன்னை ஒன்றும் செய்யமாட்டேன்" என்றது.

"போகமாட்டேன்" என்றாள் செம்பி.

"சண்டை போடுவது சேவல் வேலை. அவனே நொண்டிக்கொண்டு நிற்கிறான்."

செம்பி பாய்ந்து உதைத்தாள். தடித்த தோலில் கால் வழுக்கியது. உடும்பு வாலைச் சுழற்றி ஓர் அடி அடித்தது. அவள் பக்கத்தில் முள்கொடியாய்ப் படர்ந்த இண்டம் புதரில் போய் விழுந்தாள். காலுக்கு இரண்டாக முட்கள் ஏறி, பின்பக்கம் நுனி நீட்டின. உதறி எழுந்தாள். கொடி அறுந்தது, முள் காலிலேயே நின்றது.

"அசையாதே, முதலில் முள்ளைப் பிடுங்குகிறேன்" என்று காரி நொண்டியபடி ஓடிவந்தான்.

உடும்பின் வாய் அதற்குள் முட்டைக்கு மேலே திறந்திருந்தது. "அதற்கு நேரமில்லை" என்றாள் செம்பி. அதே காலோடு பறந்து அதன் முகத்தில் இறங்கினாள். முள் கண்ணோரத்தைக் கிழித்தது. உடும்பு திரும்பினால் கழுத்தில் உதைத்தாள், ஓடினால் முதுகில் ஏறி உதைத்தாள். ஓடைவரை துரத்திவிட்டுத்தான் திரும்பினாள்.

முட்டை மூன்றும் சூடு ஆறாமல் இருந்தன. காரி அவற்றின் மேல் படுத்திருந்தான்.

"இப்போது பிடுங்கட்டுமா?"

"வேண்டாம். வலிதானே, பழகிவிடும்."

காரியும் இண்டம் புதருக்குப் போய்த் தன் காலில் முள் ஏற்றிக்கொண்டான். முட்கள் எலும்போடு எலும்பாயின. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுகள் முள்மொட்டோடு பிறந்தன. வளர்ந்ததும் ஒன்று மூங்கில் காட்டிலேயே தங்கிச் செம்முள்கோழியானது. ஒன்று பாறைக்காட்டுக்குப் போய் வெள்ளைப் புள்ளி பூண்டது. மற்றொன்று தெற்கே நடந்து, நடுவே கடல் புகுமுன் இலங்கைக் காட்டை அடைந்தது. இம்மூன்றின் வழிவந்தவையே இன்றைய முள்கோழிகள்.

மற்ற கோழிகளில் சேவலுக்கே முள் உரியது. முள்கோழியிலோ பெட்டையும் காலில் முள்ளோடு தலைநிமிர்ந்து நடப்பது அன்று முதல்தான்.