சிரட்டையளவு ஊற்று

“எதை விடுறது, எதை வச்சுக்கிறதுன்னே தெரியல தாயி. எல்லாமே வேணும்போல இருக்கு.”

மந்திரமூர்த்தி வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டார். வியாபாரம் நொடித்து, பெரிய வீடு கைமாறிவிட்டது. இரண்டு அறை வாடகை வீட்டுக்குக் குடிபோகிறார். ஆனால் பெரிய வீட்டுச் சாமான் அத்தனையும் அந்த ஒற்றைமாட்டு வண்டியில் ஏறியிருந்தது.

ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் இருந்த மணல்தாயி அவரைவிட இளையவள். ஆனாலும் அவளைத்தான் குரு என்பார், தன்னைச் சிஷ்யன் என்பார். சொல்லிக்கொள்வதோடு சரி.

அவள் மாட்டைப் பார்த்தாள்.

“இது தண்ணி குடிச்சு எவ்வளவு நேரமாச்சுங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் செவலை மாடு முன்னங்கால் மடிந்து விழுந்தது.

நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்டார். எழவில்லை. நாக்கு வெளியே தொங்கியது. கன்றாக வாங்கி வளர்த்த மாடு.

ஆற்றிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் மணல்.

“தோண்டினா ஊறும்,” என்றாள் தாயி.

அந்த வண்டியில் இல்லாத பொருளா? மண்வெட்டியை உருவினார். கூடவே அண்டாவையும் இறக்கினார். அண்டாவை முக்கி எடுக்கிற அகலத்துக்குக் குழி வெட்டினார்.

“அவ்வளவு அகலம் எதுக்குங்க?”

“மாட்டுக்கும் ஆச்சு, வழிக்கும் ஆச்சு, போற வீட்டுக்கும் ஆச்சு தாயி.”

தண்ணீர் கண்ணில் பட்டது. ஆசையாக இன்னொரு வெட்டு வெட்டினார். நாலு பக்கத்து மணலும் பொலபொலவென்று சரிந்து குழியை மூடிக்கொண்டது. மறுபடி வெட்டினார். மறுபடி சரிந்தது. செவலையின் கண் செருகத் தொடங்கியது.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதார்.

“தாயி, என் மாடு போயிடும்.”

மணல்தாயி சற்றுத் தள்ளிக் குந்தி, கையாலேயே மணலை விலக்கினாள். ஒரு சிரட்டை நுழையும் அகலம். அதற்கு மேல் இல்லை. பிறகு சும்மா இருந்தாள்.

மணல் கறுத்தது. ஈரம் மின்னியது. சத்தமே இல்லாமல் தண்ணீர் வந்து நின்றது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது.

தேங்காய்ச் சிரட்டை ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

மொண்டார். ஓடிப்போய் மாட்டின் வாயில் விட்டார். திரும்பி வந்தால், முன்பு நின்ற அதே மட்டத்தில் தண்ணீர் நின்றது. மொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதே மட்டம். அவசரப்பட்டால் கலங்கியது, பொறுத்தால் தெளிந்தது.

காய்ந்த ஆற்றுக்குள் இத்தனை நாள் இது எங்கே இருந்தது? யார் சொல்லி வருகிறது? ஒரு கட்டத்தில், மொள்வதற்கு முன்னால் அந்தச் சின்னக் குழியைக் கும்பிட்டுக்கொண்டார்.

பொழுது சாயும்போது செவலை காதை ஆட்டியது. பிறகு, நம்ப முடியவில்லை, எழுந்து நின்றது.

மந்திரமூர்த்தி நேராக வண்டிக்குப் போனார். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்தார், செவலையைத் திரும்பிப் பார்த்தார், கீழே வைத்தார். ஊஞ்சல் பலகை. மாமனார் வீட்டுத் தவலை. யாருமே உட்காராத நாற்காலிகள். அண்டாவைக் கரையிலேயே விடத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கடைசியில் ஒரு பாய், அரிசி மூட்டை, சோறு வடிக்கிற பானை, புது வீட்டில் காத்திருக்கும் மனைவியின் தையல் மெஷின் இவை மட்டும் வண்டியில் இருந்தன.

“மிச்சத்தை யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும் தாயி.”

அவள் தலையசைத்தாள்.

மாட்டைப் பூட்டினார். வண்டி லேசாக அசைந்தது. ஏறி உட்காரப் போனவர், துண்டில் முடிந்து வைத்திருந்த சிரட்டையை வெளியே எடுத்தார். அதை விட அவருக்கு மனசே வரவில்லை.

“தாயி, இதை மட்டும் கொண்டுபோகட்டுமா? ஒரு ஞாபகத்துக்கு.”

மணல்தாயி அவரைப் பார்க்கவில்லை. செவலையின் கழுத்தை வருடிக்கொடுத்தபடி அதனிடம் கேட்டாள்:

“என்னடா செவலை, இதையும் இழுப்பியா?”