கிரீடத்தின் இடப்பக்கம்

கள்ளிக்கோணத்தை வரைபடத்தில் தேடிப் பயனில்லை. வரைபடம் போட வந்த சர்வேயர் அந்த ஊர்க்காரர்களிடமே வழி கேட்டார். அவர்களும் நல்ல மனசோடு சொன்னார்கள். மனுஷன் அப்புறம் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று இன்றுவரை தகவல் இல்லை. நான் பத்திரமாகப் போய்த் திரும்பியிருக்கிறேன். யாரிடமும் வழி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் எட்டாம் வகுப்புவரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதுக்கு ஓடையைத் தாண்டி மேலப்பொட்டலுக்குப் போகவேண்டும். ஓடையில் தண்ணீர் வந்தால் போக முடியாது. வராவிட்டாலும் போக மனசு வராது. மேலப்பொட்டல் பிள்ளைகள் வாசலில் நின்று, "வாங்க அறிவாளிகளே" என்று கும்பிட்டு வரவேற்பார்கள். அதனால் கள்ளிக்கோணத்துப் படிப்பு எட்டோடு ஆடு மேய்க்கப் போய்விடும். இசக்கியம்மாள் என்று ஒரு பெண், வகுப்பில் அவள்தான் முதல். "வர்ற வருஷம் நீயும் வீட்டோட இரு" என்று அவளுக்கும் சொல்லியாகிவிட்டது. தலைமையாசிரியர் தவசிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு கேட்டு, கல்வி அதிகாரி பலவேசத்திடம் போய்க் கெஞ்சினார். பலவேசம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் கல்யாணப் போட்டோவில்கூட ஜாமீன் கிடைக்காதவர் மாதிரிதான் நிற்பார் என்று கேள்வி. "பாட்டு, படம், நாடகம் மூணும் ஒழுங்காச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்குத்தான் ஒன்பதாம் வகுப்பு. புதன்கிழமை வந்து பார்ப்பேன். சரியில்லேன்னா இந்தப் பேச்சையே விட்டுரணும்" என்றுவிட்டார்.

உடனே டவுனிலிருந்து எஸ்தர் டீச்சரை வரவழைத்தார்கள். கெட்டிக்காரி. அவளிடம் இருந்த ஒரே குறை, மற்ற ஊர்க்காரர்களிடம் பேசுகிற மாதிரியே கள்ளிக்கோணத்துக்காரர்களிடமும் பேசினாள்.

முதல் நாளே படம். "கற்பனை எல்லாம் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்கு முன்னால என்ன தெரியுதோ, அதை அப்படியே வரைங்க" என்றாள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருந்தவன் பின்மண்டையை வரைந்தார்கள். முதல் வரிசைக்கு முன்னால் மண்டை இல்லை. அவர்கள் தாள் முழுக்கக் கறுப்பு அடித்துக் கரும்பலகை வரைந்தார்கள்.

திங்கட்கிழமை ஒத்திகை. மைதானத்தில் ஒரே ஒரு நாற்காலி, அதில் டீச்சர். பாட்டுக் குழுவில் ஆளாளுக்கு இருமல். "தொண்டையைக் கெடுத்துக்காதீங்க, மனசுக்குள்ளயே பாடுங்க போதும்" என்றாள். அப்புறம் நாடகம். இசக்கியம்மாள்தான் ராஜா. அட்டையில் கிரீடம் வெட்டி, மைதா பசை தடவி, பச்சை இலை ஒட்டியிருந்தார்கள். ராஜா வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். சத்துணவு சமைக்கிற பேச்சித்தாயின் ஆடு விறுவிறுவென்று மேடையேறிக் கிரீடத்தில் ஒரு வாய் கடித்து நின்று மென்றது. இசக்கியம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "மந்திரி, மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டாள். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் அவளுக்குத் தம்பி கல்யாணம். பஸ் ஏறும்போது சொன்னாள்: "ஒத்திகையில எப்படி நடந்துச்சோ, புதன்கிழமையும் அப்படியே, இம்மி பிசகாம நடத்திருங்க."

இந்தச் சொல்லைத் தவசிமுத்துவும், கணக்கு வாத்தியார் ஞானதிரவியமும், விளையாட்டு வாத்தியார் சுடலைக்கண்ணுவும் வேதவாக்காக நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் பலவேசம் வந்து இறங்கினார். விருந்து தடபுடல். ஆட்டுக்கறி, ரசம், அதிகாரிக்கு மரியாதையாக முழுத் தலைக்கறி. மனுஷன் முகம் மாறாமல் சட்டி காலியாகும்வரை சாப்பிட்டார்.

சாப்பிட்ட கையோடு ஓவியக் கண்காட்சி. சுவர் நெடுக மண்டைகள். இதெல்லாம் என்ன என்று கேட்டார். "இது பொன்னுலிங்கம் சார், ரெட்டைச் சுழி பாருங்க. இது அவன் தங்கச்சி, பேன் முதற்கொண்டு அசல்" என்று தவசிமுத்து பெருமையோடு காட்டிக்கொண்டே போனார். அதிகாரி பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

வெளியே, ஊரே புதுத்துணி உடுத்தி மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. சுடலைக்கண்ணு விசிலை ஊதி எல்லோரையும் எழுப்பிவிட்டார். ஒத்திகை அன்றைக்கு ஆள் யாரும் இல்லையே. ஊரும் ஞாயம்தான் என்று எழுந்துபோய் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டது. ஒரே ஒரு நாற்காலி போட்டு, அதில் அதிகாரியை உட்காரவைத்தார்கள். "டீச்சர் உட்கார்ந்த இடம் சார். அவங்க செஞ்சதை நீங்க செய்யணும். நேரம் வரும்போது நான் சொல்லுதேன்" என்று சுடலைக்கண்ணு காதோரம் சொல்லிவைத்தார்.

பாட்டு தொடங்கியது. பிள்ளைகள் வரிசையாக நின்று வாயை இறுக மூடிக்கொண்டு மனசுக்குள்ளே பாடினார்கள். தவசிமுத்து தாளம் போட்டார். பலவேசம் காதில் விரலை விட்டுக் குடைந்து பார்த்தார். பாட்டு முடிந்ததும் தவசிமுத்து முகம் சுளித்து, மூன்றாவது அடியில் சுதி இறங்கிவிட்டதே என்று கடிந்துகொண்டார். பிள்ளைகளும் ஆமாம் சார் என்று தலைகுனிந்தார்கள்.

அப்புறம் நாடகம். இசக்கியம்மாள் கம்பீரமாக நடந்துவந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். கிரீடத்தை வாகாகச் சாய்த்துக் காத்திருந்தாள். காத்திருந்தாள். காத்திருந்தாள். திரைக்குப் பின்னால் மூன்று வாத்தியார்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"ஆடு எங்கவே?" என்றார் தவசிமுத்து.

"மத்தியானம் அதைத்தானே சமைச்சோம்" என்றார் ஞானதிரவியம்.

"வேற ஆடு பிடிச்சிட்டு வரட்டா?" என்றார் சுடலைக்கண்ணு.

"என்னவே பேசுதீரு? ஒத்திகைக்கே வராத ஆட்டை மேடையேத்துனா நாடகம் உருப்படுமா?" என்றார் தவசிமுத்து.

ஞானதிரவியம் கணக்கு வாத்தியார் அல்லவா, நிதானமாக யோசித்தார். "சார், அன்னைக்குக் கிரீடத்தைக் கடிச்சது ஆட்டோட வாலா, காலா, தலையா?"

"தலைதான்."

"தலைக்கறி யாருக்கு வச்சோம்?"

மூன்று பேரும் திரையை விலக்கி, நாற்காலியில் இருந்த அதிகாரியைப் பார்த்தார்கள். தவசிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை, வெளியூர் போகாம இங்கனயே இருக்காரு" என்றார்.

கைகட்டிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், கொஞ்சம் மேடைக்கு வரணும்."

"எதுக்கு?"

"கிரீடத்தைக் கடிக்கணும்."

பலவேசம் பேனா மூடியைக் கழற்றினார். தவசிமுத்து ஒத்திகையில் தொடங்கித் தலைக்கறியில் முடித்தார், ஒன்றையும் ஒளிக்கவில்லை. அதிகாரி தன் வயிற்றைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். அங்கே இசக்கியம்மாள் இன்னும் தலையைச் சாய்த்தபடியேதான் இருந்தாள். கழுத்து வலித்திருக்கும்.

"கடிங்க சார். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கணும்" என்றாள், ராஜா குரலிலேயே.

பலவேசத்தின் தோள் லேசாகக் குலுங்கியது. மீசை துடித்தது. பிறகு எங்கோ அடிவயிற்றிலிருந்து, ஆடு இருந்த இடத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன், ஒரு சிரிப்பு கிளம்பியது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

சுடலைக்கண்ணு பதறிப்போய் ஓடிவந்தார். "சார், அது அடுத்தாப்புல. முதல்ல கடி, அப்புறந்தான் சிரிப்பு."

அதைக் கேட்டு மனுஷன் நாற்காலியோடு சாயப் பார்த்தார். ஒருவழியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். குனிந்தார். கிரீடத்தில் ஒரு வாய் கடித்து, நின்று மென்றார். "மந்திரி, மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்றாள் இசக்கியம்மாள். பலவேசம் இறங்கிவந்து, முறைப்படி நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாயில் அட்டையோடேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஊர் சத்தமில்லாமல் குதித்தது. ஒத்திகையில் யாரும் கை தட்டவில்லையே.

கல்யாணம் முடிந்து எஸ்தர் டீச்சர் வந்து இறங்கினாள். ஒன்பதாம் வகுப்பு கிடைத்த சேதி பஸ்ஸிலேயே தெரிந்து, வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாள். தவசிமுத்து மட்டும் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். நாடகம் நல்லா நடந்ததா சார் என்று கேட்டாள்.

"எங்க டீச்சர். உங்க சொல்லைக் காப்பாத்த முடியல" என்று கரகரத்தார். "ஆடு கிரீடத்தின் இடப்பக்கத்தைக் கடிச்சது. அதிகாரி வலப்பக்கத்தைக் கடிச்சிட்டாரு. அடுத்த வருஷம் அவரை மட்டும் முன்கூட்டியே கூப்பிட்டு, தனியா ஒத்திகை வச்சிரணும்."