ஒரு ஆள் குறைந்த வீட்டின் செலவு

“வீட்டில ஒரு ஆள் குறைஞ்சு பதினேழு நாளாச்சு. செலவு மட்டும் குறையவே இல்லை. எப்படிம்மா இது?”

வந்ததும் வராததுமாகக் கேட்டார் கோமதிநாயகம். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலிலும் ஒன்று படியிலுமாகக் கிடந்தன.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆற்றங்கரை மடத்தில் தினமும் மதியம் நாற்பது பேருக்கு இலவசமாகச் சோறு போடுகிறவள். அவளுக்கு வயது முப்பத்தாறு, அவருக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் ஊரே அம்மா என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிட்டார். கொஞ்சப் பணத்தில் அவள் மடத்தை நடத்துவதாகக் கேள்விப்பட்டு, அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

“குறைஞ்ச ஆள் யாரு அண்ணாச்சி?”

“என் வீட்டுக்காரி. ஆவுடை. அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா.”

“சண்டையா?”

“சண்டையெல்லாம் கிடையாது. போயிட்டு வாரேன்னா. போனா. அதை விடுங்க, செலவைச் சொல்லுங்க.”

உலகம்மை அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள்.

“நான் ஊதாரி இல்லைம்மா. பருப்புக்கு ஒரு கடை, எண்ணெய்க்கு ஒரு கடைன்னு அலைவேன். மூணு சோப்பு வாங்கினா ஒண்ணு சும்மான்னாத்தான் கையால தொடுவேன். ரெண்டு ரூபா குறையும்னா ரெண்டு மைல் நடப்பேன்.”

பேசும்போதே அவர் கை சட்டைப்பையில் இருந்த செல்போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. எங்கேயோ ஏதோ ஒரு பொருள் இந்த நிமிடம் விலை குறைந்திருக்கும், தான் அங்கே இல்லையே என்ற பதைப்பு. சாப்பிடும்போதும் இருக்கும், சாமி கும்பிடும்போதும் இருக்கும்.

“வீட்டம்மா என்னென்ன கேப்பாங்க?”

“ஒண்ணும் கேக்க மாட்டா. தங்கமான பொம்பளை. கல்யாணமாகி முப்பது வருசத்தில இது வேணும் அது வேணும்னு வாயைத் திறந்ததே இல்லை.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

உலகம்மை எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பையையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்தாள்.

“இன்னைக்கு மடத்துக்குக் காய் நீங்க வாங்கிட்டு வாங்க.”

“என்ன காய்?”

“உங்க இஷ்டம்.”

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மார்க்கெட்டை மூன்று முறை சுற்றினார். ஏழு கடையில் விலை கேட்டார், நான்கு கடைக்காரரிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பதினொன்றரை மணிக்கு ஒரு மூட்டை கொத்தவரங்காயைத் தோளில் சுமந்துகொண்டு மடத்துக்குள் நுழைந்தார்.

“பாதி விலைம்மா! மொத்தமா எடுத்ததால பாதி விலை!”

உலகம்மை மூட்டையைப் பிரித்தாள். அரிவாள்மனையை எடுத்துப் போட்டாள்.

அதில் பாதியை நறுக்கி வேகவைத்து இலை போடும்போது மணி இரண்டு. அதுவரை நாற்பது பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். காய் முற்றல். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பல் கிடையாது. எல்லா இலையின் ஓரத்திலும் கொத்தவரங்காய் குவிந்து கிடந்தது. இது போக, நறுக்காமல் அரை மூட்டை மீதி.

“இதை என்ன செய்யலாம் அண்ணாச்சி? உங்க வீட்டில மிஞ்சினா என்ன செய்வீங்க?”

“ஆவுடை மோர் விட்டு வத்தல் போட்டிருவா. தக்காளி மிஞ்சினா தொக்கு. எலுமிச்சை மிஞ்சினா ஊறுகாய். அவ ஒண்ணையும் வீணாக விட மாட்டா.”

“இப்ப யாரு போடுதா?”

கோமதிநாயகம் மிஞ்சின மூட்டையைப் பார்த்தார். பூட்டி வைத்துவிட்டு வந்த வீடு ஞாபகத்துக்கு வந்தது. முளைவிட்ட உருளைக்கிழங்கு. வண்டு விழுந்த பயறு. சமையல்கட்டைத் திறந்தாலே மூக்கைப் பிடிக்க வைக்கிற நாற்றம்.

மடத்திலேயே தங்கிவிட்டார். மறுநாள் காலையில் பையோடு தயாராக நின்றார்.

“இன்னைக்கு விடமாட்டேன்ம்மா. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போறேன். அங்கே விலை இன்னும் சல்லிசு.”

“இருங்க. நானும் வாரேன்.”

ஆனால் அவள் சந்தைப் பக்கம் திரும்பவில்லை. ஆற்றுக்கு இறங்கினாள். மடத்தில் சாப்பிடுகிறவர்கள் காலையில் குளிக்க வருகிற படித்துறை அது. ஒவ்வொருவரிடமும் போய் நின்றாள்.

“செல்லையா, வயிறு எப்படி இருக்கு?”

“பொருமிக்கிட்டுக் கிடக்கு தாயி. ரசம் இருந்தாப் போதும்.”

“நீங்க?”

“நான் இன்னைக்கு மக வீட்டுக்குப் போறேன். எனக்கு வேண்டாம்.”

“உங்களுக்கு?”

“நேத்துப் போட்டதில பாதி போடுங்கம்மா. கீழ கொட்ட மனசு கேக்க மாட்டேங்குது.”

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி தலையைத் தூக்காமலே சொன்னாள்: “பூசணிக்காய்க் கூட்டு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு.” சொல்லிவிட்டு வெட்கப்பட்டு வேகமாகத் துணியைக் கசக்கினாள். பக்கத்தில் நின்ற கிழவர்கள் நாலு பேர், “ஆமா, ஆமா” என்றார்கள்.

கோமதிநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. “நேரமாகுதும்மா. நல்ல காயெல்லாம் போயிரும். சந்தையில விலை ஏறிரும்.”

உலகம்மை கடைசி ஆள்வரை கேட்டுவிட்டுத்தான் படியேறினாள். மடத்துக்கு எதிர்க்கடையில் இரண்டு பூசணிக்காயும் கொஞ்சம் தக்காளியும் வாங்கினாள். பேரம் பேசவில்லை. கேட்டால் ஐந்து ரூபாய் குறைப்பான் என்று கோமதிநாயகம் அவள் காதருகே போய்ச் சொன்னார். அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் பந்தி. எழுந்து போனவர்களின் இலையில் ஒரு பருக்கை இல்லை. அண்டாவைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது.

கோமதிநாயகம் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். நேற்றைய செலவில் பாதிக்கும் கீழே. தப்பாக இருக்கும் என்று மறுபடி கூட்டினார். அதேதான் வந்தது.

“என்ன வித்தைம்மா இது?”

உலகம்மை கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆவுடையம்மாவுக்கு என்ன காய் பிடிக்கும் அண்ணாச்சி?”

“அவளுக்கா? அவளுக்கு...”

முப்பது வருடமாக அந்த வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு காயும் எங்கே வாங்கியது, என்ன விலை, எவ்வளவு குறைத்தது என்று அவரால் சொல்ல முடியும். நின்றார். வேட்டி நுனியைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார்.

“எதுன்னாலும் சாப்பிடுவாம்மா.”

அவள் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“தெரியலைம்மா” என்றார் கடைசியில்.

உலகம்மை அண்டாவை இழுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். வழியில் செல்போன் இரண்டு முறை கிணுகிணுத்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

மச்சினன் வீட்டுக் கதவைத் திறந்தது ஆவுடைதான். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“வீட்டில எல்லாம் அழுகிருச்சாக்கும்?”

“அழுகிருச்சு.”

“வத்தல் போட ஆள் தேடி வந்தீகளாக்கும்?”

“இல்லை.” அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “உனக்கு என்ன வேணும்னு கேக்க வந்தேன்.”

முப்பது வருடப் பழக்கத்தில் ஆவுடை கேட்டாள்:

“எது எங்க சல்லிசாக் கிடைக்குது?”

“தெரியாது. இன்னும் எங்கயும் விலை விசாரிக்கலை.”

யாரோ வேற்று ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை.

“நான் சொல்ல ஆரம்பிச்சா நேரமாகும். கடையெல்லாம் அடைச்சிருவான்.”

“அடைக்கட்டும்.”